தாவரங்களின் இரசாயனப் போட்டியும் மும்பையின் தரிசு நிலங்களும்
(உரையின் எழுத்து வடிவம்)



மும்பை மாநகரில் தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றின் கரையில், 37 ஏக்கர் பரப்பில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா அமைந்துள்ளது. இன்று அங்கே மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. பறவைகளும் வண்ணத்துப் பூச்சிகளும் வந்து தங்குகின்றன. ஆனால், அந்த நிலம் முன்னர் மாநகரின் குப்பை மேடாக இருந்தது. குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டு, மரக்கன்றுகள் நட்டுப் பேணப்பட்டு, 1994ஆம் ஆண்டில் அது பூங்காவாகத் திறந்து வைக்கப்பட்டது. செம்பூரை அடுத்த தேவனாரில் 1927 முதல் கொட்டப்பட்ட குப்பை மலைபோல் எழுந்திருப்பதைக் கண்டவர்கள் இந்த மாற்றத்தின் அருமையை எளிதில் உணர்வர்.

வெறும் நிலம் ஒன்றைப் பசுமையாக்க முனைவோர் முன் இரண்டு கேள்விகள் உள்ளன. இந்த மண்ணில் எந்தச் செடி வளரும் என்பது முதற்கேள்வி. அந்தச் செடி வளர்ந்த பிறகு, தன் அருகில் வேறு எவற்றை வளரவிடும் என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வியை எல்லோரும் கேட்கின்றனர். இரண்டாவதைப் பலர் கேட்பதில்லை. வெயிலுக்கும் நீருக்கும் உரத்துக்கும் செடிகள் போட்டியிடுவது அனைவரும் அறிந்ததே. இவை தவிர, சில தாவரங்கள் தாம் உண்டாக்கும் இரசாயனப் பொருள்களாலும் அண்டை நாற்றுகளை அடக்குகின்றன. இந்த உண்மையை அறிந்து நடுவதற்கும் அறியாமல் நடுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு, ஒரு திட்டத்தின் பயனையே மாற்றிவிடக் கூடும்.

பழைய அனுபவம், புதிய பெயர்

புளியமரத்தின் அடியில் பயிர் ஓங்காது என்பது தமிழ்நாட்டு உழவர்கள் நெடுங்காலமாகக் கண்டறிந்த செய்தி. சோளம் அறுத்த வயலில் அடுத்த பயிர் சற்றுச் சோர்ந்து எழும்புவதையும் அவர்கள் அறிவர். மேல்நாடுகளிலும் இத்தகைய அனுபவம் உண்டு. கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கொண்டைக்கடலை நிலத்தைச் சோர்வடையச் செய்வதைப் பற்றி எழுதினார். உரோமானிய அறிஞர் பிளினி, வால்நட் மரத்தின் நிழல் மற்றச் செடிகளுக்கு ஆகாது என்று குறித்தார்.

இந்த நிகழ்ச்சிக்கு 'அல்லீலோபதி' என்ற பெயரை இட்டவர் ஆஸ்திரியத் தாவர இயல் அறிஞர் ஹான்ஸ் மோலிஷ். மாதுங்காவில் ரூயா கல்லூரி தொடங்கப்பட்ட அதே 1937ஆம் ஆண்டில்தான் அவருடைய நூலும் வெளிவந்தது. 'ஒன்றுக்கொன்று', 'துன்பம்' என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஆயினும், ஒரு தாவரம் மற்றொன்றின் மீது இரசாயன வழியில் செலுத்தும் தாக்கம், தீமையாயினும் நன்மையாயினும், இந்தப் பெயருள் அடங்கும் என்றே மோலிஷ் கருதினார்.

இந்தப் பொருள்கள் ஒரு செடியிலிருந்து மற்றொரு செடியைச் சென்றடைய நான்கு வழிகள் உள்ளன. மழையும் பனியும் இலைகளைக் கழுவும்போது அவை கரைந்து மண்ணில் இறங்குகின்றன. உயிருள்ள வேர்களிலிருந்து கசிகின்றன. உதிர்ந்த இலையும் தண்டும் மட்கும்போது வெளிப்படுகின்றன. சில, ஆவியாகக் காற்றில் பரவுகின்றன.

மருதாணியின் உறவினர்

எடுத்துக்காட்டாக வால்நட் மரத்தையே கொள்ளலாம். இதன் வேர்கள் சென்ற தூரம் வரை தக்காளிச் செடிகள் வாடியதை 1925இல் அமெரிக்க ஆய்வாளர் மாசி எடுத்துக் காட்டினார். 1928இல் டேவிஸ் என்பவர் அதற்குக் காரணமான பொருள் 'ஜுக்லோன்' என்று நிறுவினார். மரத்தினுள் இந்தப் பொருள் தீங்கற்ற வடிவில் இருக்கிறது. வெளிப்பட்டுக் காற்றுடன் சேர்ந்ததும் நச்சாக மாறுகிறது. தன் நஞ்சு தன்னையே தாக்காதவாறு மரம் காத்துக்கொள்ளும் முறை இது.

ஜுக்லோன் தமிழ் மக்களுக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. மருதாணி இலையில் கைகளைச் சிவக்கச் செய்யும் 'லாசோன்' என்ற பொருளும் ஜுக்லோனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் உள்ள அணுக்களின் வகையும் எண்ணிக்கையும் ஒன்றே. ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதி அமர்ந்திருக்கும் இடம் மட்டுமே வேறு. சாயத் தொழிலுக்கும் துணித் தொழிலுக்கும் துணைநிற்க 1933இல் தொடங்கப்பட்ட இரசாயனத் தொழில்நுட்பக் கல்வி நிலையம் மாதுங்காவில் உள்ளது. சாயமாகப் பயன்படும் ஒரு பொருளே மண்ணில் களைக்கொல்லியாகவும் செயற்படக் கூடும் என்பதை அங்குப் பயிலும் மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய பொருள்கள் பல. பினாலிக் அமிலங்கள், குயினோன்கள், டெர்பீன்கள், ஆல்கலாய்டுகள் ஆகியவை அவற்றுள் சில. இவை முளையின் வேர் நுனியில் உயிரணுக்கள் பிரிவதைத் தடுக்கின்றன. உயிரணுச் சவ்வைக் குலைக்கின்றன. சுவாசத்தையும் உணவுச் சத்து உறிஞ்சப்படுவதையும் குறைக்கின்றன. வளர்ந்த செடியைவிட இளநாற்றே பெரிதும் பாதிக்கப்படுவதற்குக் காரணம் எளிது. விதையில் உள்ள சிறிதளவு சேமிப்பைக் கொண்டு, ஒரே ஒரு வேர் நுனியை நம்பி அது வாழ்வைத் தொடங்குகிறது. அந்த நுனி சில நாள்கள் தடைப்பட்டாலும், ஈரம் கீழே இறங்கிவிடுகிறது; அண்டையில் உள்ள செடி முந்திவிடுகிறது.

குப்பை மேட்டில் தோன்றிய களை

மும்பைக்கு அண்மையிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று கிடைத்தது. 1955இல் புனே நகரின் குப்பை மேடுகளில் ஒரு புதிய செடி காணப்பட்டது. காரட் இலைபோன்ற இலைகளும் சிறு வெண்பூக்களும் கொண்ட பார்த்தீனியம் அது. அமெரிக்க வெப்ப மண்டலம் அதன் தாயகம். மராத்தியில் 'காஜர் கவத்' என்பர். அமெரிக்கக் கோதுமையுடன் கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. ஆனால், பி.எல். 480 திட்டத்தின்கீழ் இந்தியா முதல் உடன்படிக்கை செய்துகொண்டது 1956 ஆகஸ்டில் என்பதால், அந்தத் திட்டத்தின் மீது மட்டும் பழி சுமத்துவது பொருந்தாது. எவ்வழியில் வந்திருப்பினும், அடுத்த சில பத்தாண்டுகளில் அது நாடு முழுவதும் பரவியது. மும்பையிலும் இரயில் பாதை ஓரங்களிலும் காலி மனைகளிலும் கட்டட வேலை நின்றுபோன இடங்களிலும் முதல் மழை பெய்ததும் முளைத்து நிற்கிறது.

இதன் வெற்றிக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, இனப்பெருக்கம். ஒரு செடி 15,000 முதல் 25,000 வரை விதைகளைத் தர வல்லது. முளைத்த சில வாரங்களிலேயே பூக்கத் தொடங்கிவிடுகிறது. மற்றொன்று, இரசாயனம். 'பார்த்தெனின்' என்னும் பொருளும் காபியிக், பெருலிக், வனிலிக் முதலிய அமிலங்களும் அதன் இலையிலும் வேரிலும் பூவிலும் உள்ளன. பெங்களூரில் கஞ்சன், ஜெயச்சந்திரா ஆகிய ஆய்வாளர்கள் 1979-80இல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகையில் முன்னோடியானவை. செடியின் வேர்க்கசிவும் மட்கும் எச்சங்களும் பிற பயிர்களின் வளர்ச்சியைக் குறைப்பதையும், பருப்பு வகைப் பயிர்களின் வேர் முடிச்சுகளைப் பாதிப்பதையும் அவர்கள் காட்டினர். காற்றில் பறந்து வரும் பார்த்தீனியத்தின் மகரந்தம் தக்காளி, கத்தரி முதலியவற்றின் சூலக முடியில் படிந்தால், காய்பிடிப்புக் குறைகிறது என்றும் அவர்கள் கண்டனர்.

இந்தக் களை மனிதரையும் விட்டுவைப்பதில்லை. 1970களின் தொடக்கத்திலேயே புனே மருத்துவர்கள், பார்த்தீனியத்தால் தோலில் கடும் அழற்சி உண்டாவதைப் பதிவு செய்தனர். பிற நாற்றுகளை அடக்கும் அதே பார்த்தெனின்தான் தோல் ஒவ்வாமைக்கும் முக்கியக் காரணம். ஒருமுறை ஒவ்வாமை தோன்றிவிட்டால், செடி அருகில் இருந்தாலே முகமும் கழுத்தும் கைகளும் தடித்து எரியும் நிலை ஏற்படலாம். ஆகவே, காலி மனையில் களை எடுக்க ஆள் அனுப்பும் அலுவலர், கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகமூடியும் வழங்கியே அனுப்ப வேண்டும். நாள் கூலிக்கு வெறுங்கையால் களை பறிக்கும் தொழிலாளியின் உடலில், ஒரு திட்டத்தின் குறைபாடு நோயாக எழுதப்பட்டுவிடக் கூடாது.

களையைப் பூக்கும் முன்பே வேருடன் பிடுங்குதல் முதல் வழி. இரண்டாவது, உயிரியல் முறை. மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்ட 'சைகோகிராம்மா' என்னும் வண்டு, 1984இல் பெங்களூரில் வெளியிடப்பட்டது. மழைக்காலத்தில் அது பார்த்தீனிய இலைகளைத் தின்று தீர்க்கிறது; வறண்ட காலத்தில் மண்ணுள் உறங்குகிறது. மூன்றாவது வழி, போட்டியாளரைக் கொண்டு அடக்குதல். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் இதற்குப் பரிந்துரைக்கும் செடிகளுள் ஒன்று தகரை. இது மும்பை மக்களுக்குப் புதியதன்று. மழை தொடங்கியதும் 'டாக்ளா' என்ற பெயரில் சந்தைக்கு வரும் கீரை இதுவே. தானே முளைத்து, அடர்ந்து, பார்த்தீனியத்துக்கு இடம் கொடாமல் நிற்கும் இயல்பு இதற்கு உண்டு.

நல்ல மரமும் சில நிபந்தனைகளும்

களை தீங்கு செய்வது வியப்பன்று. வளர்ச்சிக்காகவே நடப்பட்ட மரமும் இதே இயல்பு உடையதாக இருக்கலாம் என்பதே திட்டமிடுவோர் கருத வேண்டியது. 1970களிலும் 1980களிலும் விறகுப் பஞ்சத்தையும் தீவனப் பஞ்சத்தையும் தீர்க்கச் சூபாபுல் மரம் பெரிதும் பரிந்துரைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சவுண்டல் என்று வழங்குவது இதுவே. புனேயை அடுத்த உருளி காஞ்சனில் மணிபாய் தேசாய் நிறுவிய பைப் நிறுவனம் இதைப் பரப்புவதில் முன்னின்றது. விரைவாக வளர்தல், வெட்ட வெட்டத் தழைத்தல், மண்ணில் நைட்ரஜன் சேர்த்தல், புரதம் மிகுந்த இலை என இதன் நற்பண்புகள் பல. வறண்ட நிலத்துச் சிறு உழவர் குடும்பங்களுக்கு இது செய்த உதவியை மறுக்க இயலாது.

ஆனால், இதன் இலையிலும் விதையிலும் 'மைமோசின்' என்னும் பொருள் உள்ளது; இளந்தளிரில் அது மிகுதி. அளவுக்கு மீறித் தின்னும் கால்நடைகளுக்கு முடி உதிர்வதும் தைராய்டு கோளாறு தோன்றுவதும் இதனால்தான். இதே பொருள் மண்ணில் சேரும்போது பிற நாற்றுகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. தாய்வானில் சூ, குவோ ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு, சூபாபுல் தோப்புகளின் அடியில் அதன் சொந்த நாற்றுகளைத் தவிர வேறு செடிகள் அருகியே இருப்பதை எடுத்துக் காட்டியது. உலகப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 100 மோசமான படையெடுப்பு இனங்களின் பட்டியலில் இந்த மரமும் இடம்பெற்றுள்ளது.

மும்பையில் சாலை ஓரங்களிலும் குன்றுச் சரிவுகளிலும் சூபாபுல் தானாகவே பெருகி நிற்பதைக் காணலாம். வெட்டித் தீவனமாக்க ஆடுமாடு இல்லாத நகரில், அதன் விதைக் காய்கள் தடையின்றி முற்றிச் சிதறுகின்றன. கிராமத்தில் ஆண்டுக்குப் பலமுறை வெட்டப்பட்டுக் கட்டுக்குள் நிற்கும் மரம், நகரத்தில் காவலற்று ஓங்குகிறது. மரம் ஒன்றே, நிலைமை வேறு, ஆகவே விளைவும் வேறு.

முடிவுக்கு முன் சோதனை

இவ்வளவும் கேட்டபின், செடி வாடிய இடத்திலெல்லாம் நஞ்சு இருக்கிறது என்று எண்ணிவிடுதல் தவறு. கலிபோர்னியாவில் வாசனை மிகுந்த புதர்களைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு மேல் வெறும் வளையங்கள் காணப்பட்டன. புதரின் ஆவியே புல் முளைப்பதைத் தடுக்கிறது என்று முல்லர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1964இல் அறிவித்தனர். பாட நூல்கள் அதை ஏற்றன. 1970இல் பார்த்தலோமியூ என்ற ஆய்வாளர், அந்த வளையங்களில் கம்பி வலைக் கூண்டுகளை வைத்தார். கூண்டினுள் புல் முளைத்தது. புதருக்குள் ஒளிந்திருந்த எலிகளும் பிற சிறு விலங்குகளும் வெளியே வந்து விதைகளையும் நாற்றுகளையும் தின்றமை அந்த வெறுமைக்குப் பெரும் காரணம் என்பது தெரிந்தது. ஒரு கம்பி வலை ஓர் அழகிய கொள்கையைத் திருத்தியது.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் நஞ்சாகத் தோன்றுவது, வயல் மண்ணில் நஞ்சாக இல்லாமற்போகலாம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இத்தகைய பொருள்களைச் சிதைக்கின்றன, களிமண் பற்றிக்கொள்கிறது, மழை கரைத்துச் செல்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மும்பையில், ஆடி மாதத்தில் இருக்கும் நிலையும் மாசி மாதத்தில் இருக்கும் நிலையும் ஒன்றாக இரா.

கல்லூரி மாணவர்கள் சிறு செலவில் செய்யக்கூடிய சோதனை இது. ஐயத்துக்குரிய மரத்தின் உலர்ந்த சருகு 5 கிராமை 100 மில்லிலிட்டர் நீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். இந்த வடிநீர் ஒரு பகுதி. அதை இருமடங்கும் நான்கு மடங்கும் நீர்த்தவை வேறு இரு பகுதிகள். வெறும் நீர் நான்காவது பகுதி. மையொற்றுத் தாள் விரித்த தட்டுகளில் 25 பச்சைப்பயறு விதைகள் வீதம் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டுகள் வைத்து, ஐந்தாம் நாளில் முளைத்தவற்றை எண்ணி வேரின் நீளத்தை அளக்க வேண்டும். வடிநீரின் அமிலத் தன்மையும் உப்புச் செறிவுமே முளைப்பைக் குறைக்கக் கூடும் என்பதால், அவற்றையும் அளந்து ஒப்பிட வேண்டும். பின்னர், அந்த மரத்தடி மண்ணைத் தொட்டிகளில் இட்டு, பாதியில் கிளர்வூட்டிய கரித்தூளைக் கலந்து விதைக்க வேண்டும். கரி பல கரிமப் பொருள்களைப் பற்றிக்கொள்ளும். கரி கலந்த தொட்டியில் நாற்று செழித்து, கலவாத தொட்டியில் சோர்ந்தால், இரசாயனத்தின் மீது கொண்ட ஐயம் வலுப்பெறும். நிழலையும் வறட்சியையும் நஞ்சையும் தனித்தனியே பிரித்தறிவதே இந்தத் துறையின் முதற்பாடம்.

இதே சோதனை நகராட்சி உரத்துக்கும் பொருந்தும். முற்ற மட்காத குப்பை உரத்தில் அம்மோனியாவும் கரிம அமிலங்களும் எஞ்சி நின்று முளைகளைக் கொல்கின்றன. 1981இல் இத்தாலிய ஆய்வாளர் சுக்கோனியும் அவருடைய குழுவினரும், உரத்தின் வடிநீரில் விதைகளை முளைக்கவைத்து அதன் பக்குவத்தை அளக்கும் முறையை வகுத்தனர். தாராவியில் ஓர் எண்ணெய் டின்னில் துளசியோ வெந்தயக் கீரையோ வளர்க்கும் குடும்பத்துக்கு அந்த டின்னே தோட்டம். அதில் இடும் உரம் பக்குவமற்றதாயின், தோட்டம் முழுவதும் போய்விடும். உரத்தை விற்கும் முன் ஒரு கைப்பிடி பயறு கொண்டு சோதிப்பது பெரிய சுமையன்று.

பகையைப் பயனாக்குதல்

தாவரங்களின் இந்த ஆற்றலை உழவுக்குத் துணையாக்கும் முயற்சிகளும் நடைபெற்று வருகின்றன. சோளத்தின் வேர் மயிர்களிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருளில் 'சோர்கோலியோன்' இருப்பது 1986இல் அறியப்பட்டது. சிறு களைகளை அது அடக்குகிறது. சித்த மருத்துவம் அறிந்த பூனைக்காலியில் உள்ள 'எல்-டோப்பா' என்னும் பொருள் களைகளின் வேரைத் தடுப்பதை ஜப்பானிய அறிஞர் பூஜியி ஆராய்ந்தார். கென்யாவில் மக்காச்சோளத்தின் வேரை உறிஞ்சும் 'ஸ்ட்ரைகா' ஒட்டுண்ணியை, ஊடுபயிராக இட்ட டெஸ்மோடியம் செடியின் வேர்க்கசிவு கட்டுப்படுத்துகிறது. அது ஒட்டுண்ணியின் விதையை முளைக்கச் செய்து, அதன் வேர் பயிரைப் பற்றுமுன் தடுத்துவிடுகிறது. இந்த முறையை உருவாக்கியவர்களுள் இந்தியாவில் பிறந்த ஜெயவூர் கானும் ஒருவர். களைக்கொல்லி வாங்கப் பொருளற்ற உழவர்களுக்கு இது தீவனத்தையும் தருகிறது.

அலுவலர்கள் கருத வேண்டியவை

கூறியவற்றின் சாரத்தைச் சுருக்கமாகத் தொகுக்கலாம். ஒரே இன மரத்தைப் பரப்பி நடுவதைத் தவிர்த்து, பல இனங்களைக் கலந்து நட வேண்டும். மரத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், வளரும் வேகம், விலை ஆகியவற்றுடன், 'இதன் அடியில் என்ன முளைக்கிறது?' என்ற பத்தியும் இடம்பெற வேண்டும். பதில் தெரியாவிடின், உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் துணையுடன் நடுவதற்கு முன் சோதிக்க வேண்டும். மண் புரட்டப்பட்ட இடம் வெறுமையாக விடப்படக் கூடாது. முதலில் வரும் செடியே அடுத்து வருவனவற்றைத் தீர்மானிக்கிறது. களை எடுப்போரின் பாதுகாப்புக்கான செலவு மதிப்பீட்டில் முதலிலேயே சேர்க்கப்பட வேண்டும். ஜபல்பூர் இயக்ககத்தின் முயற்சியால் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம், பேச்சுடன் முடியாமல், பூக்கும் முன்னரே களைவதாக அமைய வேண்டும்.

மும்பையில் வெறும் நிலம் அரிது. தாராவியில் அதனினும் அரிது. கிடைக்கும் ஒவ்வொரு துண்டு நிலத்திலும் ஒரு முறை செய்யும் பிழை, பல ஆண்டுகள் வேரூன்றி நிற்கும். மித்தி ஆற்றங்கரையில் குப்பை மேடு காடாக மாறியது, எந்த மண்ணும் மீளாத மண் அன்று என்பதற்குச் சான்று. அந்தக் காட்டின் மேலே நிற்கும் மரங்களை எண்ணுவோர், அவற்றின் அடியில் சருகை விலக்கி எழும் நாற்றுகளையும் எண்ண வேண்டும். ஒரு காடு நாளையும் காடாக இருக்குமா என்பதை அந்த நாற்றுகளே சொல்லும்.